எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனோம்

எங்கள் லைனில் இருந்த வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே குழாய். விடிவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிடும், பால்காரர் வந்து போவதற்குள் நின்றும்விடும். இடையில் கிடைப்பதைக் குடத்தில் பிடித்து, குடிக்க, சமைக்க, துவைக்க என்று பங்கு வைத்தது போக மிஞ்சுவதில்தான் குளியல். அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த எனக்கு முதல் கோபம் அந்தக் குளியலின் மேல்தான் வந்தது. புருஷன் மேல் கோபம் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

வாசல் ஓரமாக இரண்டு கம்பு நட்டுச் சாக்குப் படுதா கட்டியிருக்கும். உள்ளே ஒரு கல். பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு அரை வாளித் தண்ணீரோடு அதில் உட்கார வேண்டும். முதல் செம்பு ஊற்றும்போது உடம்புக்குக் குளிக்கிறோம் என்பதே தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது வாளி காலி. முதுகில் சோப்பு அப்படியே இருக்கும். அதன் மேலேயே ரவிக்கையைப் போட்டுக்கொண்டு செம்பூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் எனக்கு வேலை. டானிக் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் பிரிவு. பெல்ட்டில் பாட்டில் வந்துகொண்டே இருக்கும், நாங்கள் வரிசையாக நின்று ஒட்டிக்கொண்டே இருப்போம். உட்கார்ந்தால் கை எட்டாது. சாயங்காலம் விரல் இடுக்கெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்து வரும். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அடுப்பு, மறுபடியும் அந்த லைன், மறுபடியும் விடியற்காலைக் குழாய். எனக்கு இருபத்து மூன்று வயதுதான். ஆனால் அலுப்பென்றால் அப்படி ஓர் அலுப்பு. தூங்கி எழுந்தாலும் போகாது.

அப்போது எனக்கு ஆசை என்று ஒன்றுதான் இருந்தது. நகை, புடவை, கடற்கரை எதுவும் இல்லை. தலையில் தண்ணீர் விழ விழ, போதும் என்று நானே சொல்லும் வரைக்கும் ஒரு தடவை குளிக்க வேண்டும். போதும் என்பதை வாளி சொல்லக் கூடாது, நான் சொல்ல வேண்டும்.

பம்பாயில் மழைக்கு என்ன குறைச்சல் என்று நீங்கள் கேட்கலாம். தாராவி மழையில் நனைந்தவர்கள் கேட்க மாட்டார்கள். மேலே விழுவது மழை, காலடியில் ஏறி வருவது சாக்கடை. நனைந்தால் காய்ச்சல் வரும், துணி காயாது, வீட்டுக்குள் ஒழுகும். நனைவது வேறு, குளிப்பது வேறு.

இந்த நிலையில்தான் அந்தப் படம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மாட்டுங்காப் பக்கம் ஒரு கொட்டகையில் தமிழ்ப் படம் போடுவார்கள். எங்கள் லைன் பெண்கள் எல்லோரும் கூட்டமாகப் போவோம், ஆண்கள் பின்னால் தனியாக வருவார்கள். பெரிய படத்துக்கு முன்னால் சின்னப் படம் ஒன்று ஓட்டுவது அந்தக் காலத்து வழக்கம். அன்று ஓடியது மகாபலேஷ்வர் என்ற மலை ஊரைப் பற்றியது. யாரோ ஒரு கம்பெனிக்காரர் எடுத்த சுற்றுலாப் படம். தமிழில் ஒருவர் விளக்கம் சொன்னார். வெண்ணெய் தடவின குரல்.

சிவப்பு ஓட்டுப் பங்களாக்கள் வந்தன. குதிரை மேல் ஒரு குழந்தை வந்தது. கூடை நிறைய ஸ்ட்ராபெரிப் பழம் வந்தது. அப்புறம், திரை முழுக்க வெள்ளையாக ஓர் அருவி கொட்டியது. அது முடிந்த அடுத்த நொடியே, ஈரக் கூந்தலை முன்னால் போட்டுத் துவட்டிக்கொண்டு ஒரு பெண் சிரித்தாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, பின்னால் பச்சைச் செடிகள். அவளுடைய சிரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது, போதும் என்று அவளாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கொட்டகையில் எங்கள் வரிசை மொத்தமும் பெருமூச்சு விட்டது. "சீசன் காலத்தில் நீங்களும் ஒரு முறை வாருங்கள்" என்று குரல் அழைத்தது.

பெரிய படத்தில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. திரும்பி வரும்போது ரயில் பாலத்தின் மேல் என் வீட்டுக்காரர் கிட்டத்தில் வந்து கேட்டார்.

"என்ன பிள்ள, அந்த அருவியவே நெனச்சிக்கிட்டு வார போல?"

"குத்தாலம் மாதிரில்லா இருக்கு" என்றேன்.

"போவோம். சீசன் தொடங்கட்டும்."

இந்த 'சீசன்' என்ற வார்த்தையில்தான் நாங்கள் கவிழ்ந்தோம். நாங்கள் இரண்டு பேருமே தென்காசிப் பக்கம். எங்களுக்குச் சீசன் என்றால் ஒன்றுதான். ஆனி, ஆடியில் மேற்கே மழை பிடித்து, இந்தப் பக்கம் சாரல் தூறி, குற்றாலத்தில் தண்ணீர் விழும் காலம். எங்கள் பக்கத்தில் ஒருவர் "சீசன் எப்படி?" என்று கேட்டால், அருவியில் தண்ணீர் எப்படி என்று அர்த்தம். மற்ற மலை ஊர்களில் சீசன் என்பது மே மாதம், பணக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து ஏறி வரும் காலம் என்பதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அருவி இருக்கிற ஊர், சீசனில் வா என்கிறார்கள், அப்படியானால் ஜூலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஜூலையில் மகாபலேஷ்வர் போக லீவு வேண்டும் என்று கேட்டதும், கூட வேலை செய்த மராத்திக்காரர் ஒருவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். "பாரிஷ் மே? பாகல் ஹை க்யா?" என்றாராம், மழையிலா, பைத்தியமா என்று. இவர் அதை வீட்டில் வந்து சொல்லி, தானும் சிரித்தார்.

"அவனுக்கு என்ன தெரியும்? அருவிங்கறது மழைல வாரதுதான. அவனுவ அருவியப் பாத்ததோட சரி, குளிச்சிருக்க மாட்டானுவ."

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கன்னம் சுடுகிறது.

லைன் முழுக்கச் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டு மைனி, எதிர் வீட்டு அக்கா எல்லோரும் அவரவர் பங்குக்குப் பொறாமைப்பட்டார்கள். அருவிக் குளியலுக்கு வேண்டியதை நான் ஒழுங்காகக் கட்டிக்கொண்டேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய நல்லெண்ணெய் ஒரு பாட்டில், சீயக்காய்ப் பொடி, ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, ஈரத் துணியைச் சுருட்டிக் கொண்டுவர ஒரு பிளாஸ்டிக் பை.

படத்தில் அந்த ஊருக்கு வழி என்று எதுவும் இருக்கவில்லை. மேகம் வந்தது, ஊர் வந்தது, அவ்வளவுதான். எங்களுக்குப் பூனா வரை கூட்ட ரயிலில் கதவோரம் நிற்க இடம் கிடைத்தது. பூனாவில் மழையில் நின்று பஸ் பிடித்தோம். பஸ்ஸின் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, ஒரு கித்தான் துணி இருந்தது. அதை இறக்கினால் மூச்சு முட்டியது, ஏற்றினால் மடி நிறையத் தண்ணீர். மலை ஏறத் தொடங்கியதும் முன் ஸீட்டில் ஒரு கிழவர் வாந்தி எடுக்க, அதைப் பார்த்து அவர் பேத்தி எடுக்க, நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பாஞ்ச்கனியில் பாதிக்கு மேல் இறங்கிப் போய்விட்டார்கள். கண்டக்டர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மேலே உங்களுக்கு என்ன வேலை என்று ஹிந்தியில் கேட்டார். "சீசன்" என்றார் என் வீட்டுக்காரர். கண்டக்டர் டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

இறங்கினால் ஊரைக் காணோம். பொய் சொல்லவில்லை. இரண்டு கை தூரத்துக்கு அப்பால் வெறும் வெள்ளை மூட்டம். கிட்டத்தில் போய்ப் பார்த்தால், வீடுகளுக்கும் கடைகளுக்கும் காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கூரையிலிருந்து தரை வரைக்கும் மூடி வைத்திருந்தார்கள். மழை சுவரை அரிக்காமல் இருக்கவாம். அந்தச் சிவப்பு ஓடு, வெள்ளை ஜன்னல் எல்லாம் அந்தப் புல்லுக்குள் எங்கேயோ இருந்தன. மனுஷர்கள் போன பிறகு ஊரையே மூட்டை கட்டி வைத்த மாதிரி இருந்தது. திறந்திருந்தது ஒரே ஒரு டீக்கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்து, யாராவது செத்துப் போனார்களா என்றுதான் முதலில் விசாரித்தார். நல்ல மனுஷர், கடைக்குப் பின்னால் விறகு அடுக்கிய அறையில் படுக்க இடம் கொடுத்தார். கம்பளியும் ஈரம், விறகும் ஈரம்.

இவ்வளவுக்குப் பிறகும் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். மழை இவ்வளவு என்றால் அருவி எவ்வளவு இருக்கும் என்றுதான் நினைத்தோம். குற்றாலத்திலும் ஐந்தருவிக்குப் போகும்போது இப்படித்தான் குளிரும். குளிரக் குளிரப் போய்த் தண்ணீருக்குள் நின்றதும் குளிர் விட்டுவிடும். அது எங்கள் உடம்புக்குத் தெரிந்த கணக்கு.

காலையில் கடைக்காரரின் அடுப்பில் எண்ணெயை வைத்து, இரண்டு மிளகு போட்டுக் காய்ச்சினேன். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குப் போகிறவனை வெளியூர்க்காரன் என்பார்கள். விறகு அறையில் உட்கார்ந்து நான் அவருக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்துவிட்டேன். அவர் என் தலையில் பாதிப் பாட்டிலையாவது கவிழ்த்திருப்பார். "நல்லா ஊறட்டும்ளா, அருவில நின்னா அம்புட்டும் போயிரும்" என்றார். எண்ணெய் காதோரம் வழிந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என் தலையைத் தொட்டு இப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் எண்ணெயில் பளபளவென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

சேற்றில் வழி கேட்டு வழி கேட்டு நடந்தோம். வழி சொல்லவும் ஆள் கிடைக்கவில்லை. குடை காற்றில் மேல்பக்கமாக மடங்கிக்கொண்டது, அதைத் தூக்கி எறிந்தோம். கடைசியில் சத்தம் கேட்டது. அருவிச் சத்தம்தான், சந்தேகமே இல்லை. வயிற்றுக்குள் வந்து இடிக்கிற சத்தம். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். நான் சீயக்காய்ப் பொட்டலத்தை மாராப்புக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வழி முடிந்த இடத்தில் ஓர் இரும்புக் குழாய்க் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை. கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தகரக் கொட்டகையிலிருந்து ஒரு வாட்ச்மேன் வந்தார். ஓலையில் முடைந்த கூடை போல ஒன்றைத் தலையிலிருந்து முதுகு வரை கவிழ்த்திருந்தார்.

"க்யா சாஹியே?" என்ன வேண்டும் என்று கேட்டார்.

"நஹானே கா" என்றார் என் வீட்டுக்காரர். குளிக்க வேண்டும்.

"நஹானே? கிதர்?"

இவர் சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினார். வாட்ச்மேன் எங்கள் தலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். மோசமான சிரிப்பு இல்லை, தாங்க முடியாத சிரிப்பு. பிறகு அவருக்கே பாவமாகிவிட்டது போலும், பொறுமையாகச் சொன்னார். அருவி இங்கே விழவில்லை. எதிர் மலையிலிருந்து பள்ளத்தாக்குக்குள் விழுகிறது. இங்கே நின்று பார்க்கத்தான் முடியும், மழை விட்ட பிறகு வந்தால் நன்றாகத் தெரியும். அதன் அடிக்கு யாரும் போனதில்லை. போனால் வர முடியாது.

"சீசன் ஹை நா?" என்றார் என் வீட்டுக்காரர், கடைசி நம்பிக்கையாக.

"சீசன் கதம். சீசன் மே மஹினா." சீசன் முடிந்துவிட்டது, மே மாதம்தான் சீசன் என்கிறார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவ்வளவு தண்ணீர், யாருக்கும் பிரயோஜனமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தது. மழை என் தலையில் விழுந்து, சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடியது. எண்ணெய் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கால் வலித்தது. உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

திரும்பும் வழியில் மலைப் பாதையில் மண் சரிந்துவிட்டது. பஸ் நின்றது நின்றபடி. வெகுநேரம் கழித்து ஆட்கள் வந்து மண்ணைத் தள்ளினார்கள். பஸ்ஸுக்குள் ஈரப் புடவையோடு, எண்ணெய் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்க, நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த மராத்திப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு தன் குழந்தையை மறுபக்கம் மாற்றி உட்கார்த்தினாள். அவள் மேல் தப்பில்லை. பூனாவில் ரயிலுக்குக் காத்திருந்து, ஊர்ந்து வந்த ரயிலில் ஊர்ந்து வந்து, மறுநாள் மத்தியானம் தாராவி சேர்ந்தோம். மூன்று நாளாக நனைந்துகொண்டே இருந்திருக்கிறேன். ஒரு செம்புத் தண்ணீர் குளிக்கவில்லை. வழியில் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும்.

வீட்டில் இருந்தது குடிக்கிற தண்ணீர் மட்டும். அப்படியே படுத்துவிட்டேன். திங்கட்கிழமை கண் விழித்தபோது குழாய் நின்றுபோயிருந்தது. முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் பிரிவின் சூப்பர்வைசர் அம்மாள் மாட்டுங்காவில் இருந்து வருகிறவர். பாலக்காட்டுக் குடும்பம், பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர். கண்டிப்பானவர், ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். நான் ஒட்டிய லேபிள் இரண்டு பாட்டிலில் நழுவிக் கீழே வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"என்னடீ இது, தலையில எண்ணெய்ச் செக்கே வச்சிண்டு வந்திருக்காய்? கையைத் தலையில வச்சுட்டு லேபிளைத் தொட்டா எப்படிடீ ஒட்டும்?"

அவர் கொடுத்த துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். படத்திலிருந்து ஆரம்பித்து வாட்ச்மேன் வரைக்கும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அந்தப் படமா? என் தம்பி அந்தக் கம்பெனியிலதான் இருக்கான். எடுத்த பிலிமை வெட்டி ஒட்டறதுதான் அவன் வேலை. பங்களாவெல்லாம் மே மாசம் போய் எடுத்தா. அருவி வத்திப் போயிருந்துதாம். மழை விட்டப்பறம் இன்னொரு தடவை போய் அருவியை மட்டும் எடுத்துண்டு வந்தா."

"அப்போ அந்தத் தலை துவட்டுற பொண்ணு?"

"அவ அங்கே போகவே இல்லையே. இதோ, இங்கதான், நம்ம செம்பூர்ல ஒரு ஸ்டுடியோத் தோட்டம் இருக்கு பாரு, அங்க எடுத்தது. தோட்டக்காரன் ஹோஸ் பைப்பால தண்ணி அடிச்சான். வெளிச்சம் சரியா வரல்லைன்னு காலம்பறலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அவன் அவ தலையில தண்ணி விட்டுண்டே இருந்தானாம். போறும் போறும்னு அழுதுட்டாளாம் பாவம்."

நான் சோற்றுடப்பாவை மூடினேன்.

"என்ன தண்ணி அது?" என்று கேட்டேன்.

"என்ன தண்ணின்னா? குழாய்த் தண்ணிதான். கார்ப்பரேஷன் தண்ணி."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்த அம்மாள் மேல் இல்லை, அவர் தம்பி மேல்கூட இல்லை. அவனும் என்னைப் போல ஒட்டுகிற வேலைதான் செய்கிறான். அந்த மலை, அந்த மழை, அந்த வாந்தி, அந்த மண் சரிவு எல்லாவற்றையும் தாண்டி நான் தேடிப் போன குளியல், நான் தினமும் பஸ் விட்டு இறங்குகிற ஊரில் நடந்திருக்கிறது. எங்கள் லைனுக்கு வராத தண்ணீர், ஒரு பெண் வேண்டாம் வேண்டாம் என்று அழ அழ அவள் தலையில் ஊற்றப்பட்டிருக்கிறது. அவள் போதும் என்று சொன்னது நிஜம்தான். அதை நான் திரையில் தப்பாகப் படித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூட்டம். நடுவில் என் வீட்டுக்காரர், தலை பஞ்சு மாதிரி பறக்க நின்றுகொண்டிருந்தார். அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்ததும் கிரீஸைக் கழுவ வரிசையாகக் குழாய் உண்டு. அங்கேயே நன்றாகத் தலை முழுகிவிட்டு வந்திருக்கிறார்.

"அப்படியே பூப் போல வந்து விழுது மைனி. நின்னா நவர மனசு வராது. உங்க தங்கச்சிய நாந்தான் வா வான்னு இழுத்துட்டு வந்தேன்."

பஸ் இல்லை, மூட்டம் இல்லை, புல் போர்த்திய வீடுகள் இல்லை, வாட்ச்மேனின் சிரிப்பு இல்லை. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, அருவிக்கு அடுத்து நேரே என்னை வைத்து ஒட்டிவிட்டார். போவதற்கு முன்னால் ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போன மனுஷர், வேறு என்ன செய்வார் என்று தோன்றியது. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும், காலையில் குழாயில் இரண்டு குடம் கூடப் பிடித்துத் தலையை அலசிவிட்டால் போதும் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குழாயடியில் என் இரண்டு குடத்தையும் வாளியையும் முதலில் வைத்தேன். தண்ணீர் வரும் சத்தம் குழாய்க்குள் கேட்டது. பக்கத்து வீட்டு மைனி வந்து, என் குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"நீதான் ஆச தீரக் குளிச்சிட்டு வந்திருக்கியே. இன்னைக்கி எங்களுக்கு விடேன்."

"இல்ல மைனி. நான் குளிக்கவே இல்ல. அருவி எங்கியோ பள்ளத்துல விழுது. கண்ணாலகூடப் பாக்கல."

"எங்ககிட்டயே சொல்லுதா பாரு. நாங்களுந்தான படத்துல பாத்தோம். எம்புட்டுத் தண்ணி! அந்தப் பொம்பள குளிச்சிட்டுச் சிரிக்கலயா?"

"அவ குளிச்சது செம்பூர்ல. குழாய்த் தண்ணி" என்றேன்.

குழாயடி மொத்தமும் சிரித்தது. எதிர் வீட்டு அக்கா, "செம்பூர்ல ஏதுளா அருவி?" என்று கேட்டாள். நான் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டுக் குனிந்தேன். தொட்டுப் பாருங்கள் என்றேன். மைனி தொட்டாள், விரலை முகர்ந்தும் பார்த்தாள்.

"அருவில குளிச்சிட்டு வந்து திரும்பவும் நல்லெண்ணெய் வச்சிருக்கா. சொகுசு."

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. அவர் சொன்னால் நம்புவார்கள். ஒரு வார்த்தை போதும்.

"நீங்களாச்சும் சொல்லுங்க" என்றேன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, சிரித்தபடியே சொன்னார்.

"அவ சும்மா விளையாடுதா. நல்லாத்தான் குளிச்சோம்."

என் குடங்கள் வரிசையின் கடைசிக்குப் போயின. என் முறை வரும்போது தண்ணீர் நூலாகிவிட்டது. ஒரு குடம் முக்கால்வாசி நிறைந்ததும் அதுவும் நின்றது. அந்தத் தண்ணீரில் சோறு வடித்தேன். அவருக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். எண்ணெய்த் தலையில் மறுபடியும் துணியைக் கட்டிக்கொண்டு செம்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.